அணைக்கும் முன் மூன்று நிமிடம்

"பழசு கொண்டாந்தீங்களா?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார். துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்ததை மேஜைமேல் வைத்தேன். பதினைந்து கிலோ இருக்கும். முடிச்சை அவிழ்த்ததும் எரிந்த ஆயிலும் புகைக்கரியும் கலந்த வாசம் கடைக்குள் பரவியது. ஒரு பக்கம் அலுமினிய ஓடு, மறுபக்கம் துருவேறிய வார்ப்பிரும்பு ஓடு, இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்தது போன்ற உருவம். அலுமினியப் பக்கத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று உண்டு. அழுக்கேறி எழுத்தே தெரியவில்லை. கடைக்காரர் டீசலில் நனைத்த பனியன் வேஸ்ட்டை நீட்டினார். நான் அதை வாங்காமல் பெருவிரலாலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். எண் பாதி தெரிந்தபோதுதான் உறைத்தது. அப்பா இப்படித்தான் தேய்ப்பார்.

அந்த எண்தான் டர்போவின் ஜாதகம். வண்டியின் மாடலைச் சொல்லி டர்போ கேட்பவனுக்குப் பாதி நேரம் தவறான சாமான்தான் வரும். ஒரே கம்பெனி, ஒரே ஆறு சிலிண்டர் இன்ஜின், வெளியே பார்த்தால் அச்சாக ஒரே உருவம். உள்ளே வீலின் அளவு வேறாக இருக்கும், புகை நுழையும் ஓட்டின் வாய் சற்றே அகலமாகவோ குறுகலாகவோ இருக்கும். போல்ட் துளைகள் பொருந்திவிடும், வண்டியும் ஓடும். மேட்டில் மட்டும் இழுக்காது, அல்லது கரும்புகை தள்ளும். ஓட்டுகிறவன் பம்பைக் குறை சொல்வான், பம்புக்காரர் நாசிலைக் குறை சொல்வார். தகட்டில் உள்ள எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒத்துப் பார்த்து வாங்கியிருந்தால் இத்தனை அலைச்சலும் இருந்திருக்காது. "பேரைக் கேக்காத கண்ணு, நம்பரைக் கேளு" என்பார் அப்பா.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். லாரி வந்தால் அதன் அடியில்தான் நிற்கும். 1997-இல், நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான வருஷம், அப்பா கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாட்டா வண்டி எடுத்தார். அதற்கு முன் இருந்த வண்டியில் டர்போ கிடையாது. அது நடுராத்திரி வந்தால் மரத்தடிக்கு வந்த கையோடு அணைந்துவிடும். கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், அப்பா திண்ணையில். புது வண்டி அப்படி அணையவில்லை. வந்து நின்ற பிறகும் லேசான உறுமலில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் அப்பா ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டாரோ என்று அம்மா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறாள்.

"டர்போ ஆறோணும். மூணு நிமிசம்."

அம்மாவுக்கு அந்த விளக்கம் போதும். மூன்று நிமிடம் என்பது தோசைக்கல் காயும் நேரம் என்று அவள் கண்டுகொண்டாள். வண்டி மரத்தடியில் வந்து நின்றதும் எழுந்து கல்லை அடுப்பில் வைப்பாள். இன்ஜின் அணையும்போது கல் சரியாகக் காய்ந்திருக்கும். அப்பா கைகால் கழுவி உட்காரும்போது தட்டில் தோசை விழும். பக்கத்து வீட்டார் ராத்திரியில் சத்தம் என்று முணுமுணுத்தது உண்டு. அம்மா அதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை.

இன்ஜினை அணைத்த பிறகு காதைக் கூர்மையாக்கினால் இன்னொரு சத்தம் கேட்கும். மெல்லிய, இழுத்துக்கொண்டே போகிற விசில். இன்ஜின் நின்ற பிறகும் டர்போ நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் அது. முதலில் எனக்கு அது ஏதோ பூச்சி கத்துவதாகப்பட்டது.

பூச்சி இல்லை என்று தெரிந்துகொண்ட கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை சும்மா போவதில்லை. 600, 700 டிகிரி சூடும் நல்ல வேகமும் அதற்கு உண்டு. அது வார்ப்பிரும்பு ஓட்டுக்குள் நுழைந்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் அலுமினியச் சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலைக் கூட்டி எரிக்கலாம், பலமும் கூடும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் இந்தத் தண்டு ஒரு லட்சத்தைத் தாண்டிச் சுற்றும். அந்த வேகத்தில் சாதாரண பால்ரஸ் தாங்காது என்பதால் தண்டை இரண்டு புஷ்கள் தாங்குகின்றன. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம். உண்மையில் தண்டு மிதப்பது ஆயிலில்தான். இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்பு நின்றுவிடும். மேடு ஏறி வந்த சூட்டோடு அணைத்தால் ஆயில் வராத இடத்தில் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகும். மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் சக்கரத்தின் வேகம் இறங்கும், ஓடும் ஆயில் சூட்டை வாங்கிக்கொண்டு போகும்.

வீணாகப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்கலாம் என்ற எண்ணம் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியருக்கு வந்தது. 1905-இல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு அப்போது 26 வயது. அது உருப்படியாக வேலை செய்ய இருபது வருஷம் ஆனது. இரண்டு ஜெர்மன் கப்பல்களின் டீசல் இன்ஜின்கள் 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500-க்கு ஏறியபோதுதான் உலகம் அவரை நம்பியது. அந்த இருபது வருஷத்தை நான் அடிக்கடி நினைப்பேன். அத்தனை சூட்டையும் வேகத்தையும் தாங்கும் இரும்பும் புஷ்ஷும் வருவதற்காக ஒரு மனுஷன் காத்திருந்திருக்கிறார். லாரிக்கு டர்போ வந்தது 1938-இல், அதுவும் சுவிட்சர்லாந்தின் சாரர் கம்பெனியில்தான்.

இதற்கு நடுவில் ஒரு மலைக்கதை உண்டு. 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் பைக்ஸ் பீக் என்ற 4,300 மீட்டர் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். உயரம் போகப்போகக் காற்று மெலிந்துவிடும், இன்ஜின் மூச்சுத் திணறும். டர்போ மாட்டினால் உச்சியிலும் கீழே இருக்கும் பலம் கிடைக்கிறதா என்று அங்கேயே ஓட்டிப் பார்த்தார். கிடைத்தது. விமானத்துக்கான சாமானைச் சோதிக்க லாரி மலையேறியதைப் படித்தபோது எனக்கு மகாராஷ்டிரத்துக் கம்பாட்கி காட் மலைப்பாதை ஞாபகம் வந்துவிட்டது.

2001, மழைக்காலம். காலேஜ் லீவில் கிளீனராக அப்பாவோடு போயிருந்தேன். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, வரும்போது நாசிக் வெங்காயம். புனேயிலிருந்து சாத்தாரா வரும் வழியில் கம்பாட்கி காட் ஏறவேண்டும். ராத்திரி பதினொன்று இருக்கும். இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தோம். மேட்டில் எப்போதும் கேட்கிற விசில் அன்றைக்குக் கொஞ்சம் தடித்துக் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்தார். பாட்டில் சுருதி விலகினால் வித்வான் சாய்ப்பதுபோலத்தான். விசில் சங்கு ஊதுவதாக மாறியது. பிறகு ஆம்புலன்ஸ். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கரும்புகை. அடுத்த வளைவில் நீலப்புகை. அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். அன்று மூன்று நிமிடம் இல்லை. உடைந்த டர்போ வழியாக ஆயில் இன்ஜினுக்குள் போனால் டீசலை நிறுத்தினாலும் அந்த ஆயிலைக் குடித்தே இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும், பிறகு நிறுத்துவது பெரும்பாடு என்று பின்னால்தான் சொன்னார். நான் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் அவர் டர்போவைக் கழற்றவில்லை, தார்ப்பாயைத் தளர்த்தினார். வெங்காயம் மூச்சுவிட வேண்டும். மூடி வைத்தால் வேர்த்து, முளைத்து, அழுகிவிடும். மழை விட்ட நேரமெல்லாம் பக்கவாட்டுப் பாயைத் தூக்கிக் கட்டுவதும், தூறல் விழுந்தால் இறக்குவதும் என் வேலை. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வெதுவெதுப்பான ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த வாசத்தை இப்போதும் சந்தையில் வெங்காய மண்டியைக் கடக்கும்போது உணர்கிறேன்.

சரக்கு அழுகிவிடும் என்ற பயத்தில் நான் அவசரப்பட்டேன். "அப்பா, சீக்கிரம் போய் டர்போ வாங்கிட்டு வந்துருவோமுங்க." அவர் கேட்கவில்லை. டர்போவைக் கழற்றி, காற்று உறிஞ்சும் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறகுகளின் ஓரம் முறியவில்லை, வளையவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மழுங்கித் தேய்ந்திருந்தது. "இது தூசி தின்னது" என்றார். பிறகு ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ரப்பர் ஹோஸை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். கிளிப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நகத்தளவு வெடிப்பு. அதன் வழியாகப் பல மாதமாக ரோட்டுத் தூசி உள்ளே போயிருக்கிறது. தேய்ந்த இறகால் சக்கரம் சமநிலை இழந்து, ஆட்டம் கண்டு, புஷ் தேய்ந்து, கடைசியில் சக்கரம் ஓட்டில் உரசியிருக்கிறது. ராத்திரி கேட்டது அந்த உரசல்.

டர்போவைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு எஸ்.டி. பஸ்ஸில் கோலாப்பூர் போனோம். வார்ப்படப் பட்டறைகள் நிறைந்த ஊர். இரும்புச் சாமான் கிடைக்காமல் போகாது என்பது அப்பாவின் கணக்கு. கடைக்காரர் மராட்டியர். அப்பாவின் இந்தி லாரி இந்தி, வினைச்சொல்லே இல்லாமல் பாதி உலகத்தை விலை பேசிவிடும். அந்தக் கடைக்காரரும் "புரானா கிதர்?" என்றுதான் முதலில் கேட்டார். அப்பா சாக்கை அவிழ்த்து, தகட்டைப் பெருவிரலால் தேய்த்து, எண்ணைக் காட்டினார்.

தகட்டில் ஹோல்செட் என்று போட்டிருந்தது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் 1952-இல் தொடங்கிய கம்பெனி, 1973-இல் கம்மின்ஸ் வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் அதைச் செய்த தொழிற்சாலை மத்தியப் பிரதேசத்துத் தேவாஸில். ரூபாய் நோட்டு அச்சடிக்கும் தேவாஸ்தான். அந்த ஊர் வழியாக அப்பா எத்தனையோ தடவை லோடு கொண்டு போயிருக்கிறார். பின்னாளில் லேலண்டு வண்டிகள் வைத்திருந்த சித்தப்பாவுக்கு வாய்த்த டர்போக்கள் நம் பையனூரில், மாமல்லபுரம் போகிற வழியில் செய்யப்பட்டவை. சாமான் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்வதில் அப்பாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. மாட்டுச் சந்தையில் தாத்தா மாட்டின் ஊரைக் கேட்டது போலத்தான் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் மூன்று வழி சொன்னார். முழுப் புது டர்போ. அல்லது ஓடுகளை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது. அல்லது கிட் போட்டுத் தருகிற லோக்கல் வேலை, புது டர்போ விலையில் மூன்றில் ஒரு பங்கு. அப்பா ஓட்டின் உள்சுவரைத் தடவிப் பார்த்தார். சக்கரம் உரசிய பள்ளம் விரலில் தட்டியது. அந்த ஓட்டில் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஒழுகும். கிட் வேலையில் இருக்கும் ஆபத்து வேறு. லட்சம் சுற்றுச் சுற்றுகிற தண்டையும் சக்கரங்களையும் எந்திரத்தில் வைத்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். சக்கரத்தின் முதுகில் சின்னதாகச் சுரண்டிய தழும்பு அப்படிப் பார்த்து எடை குறைத்ததற்கு அடையாளம். பேலன்ஸ் பார்க்காமல் கையால் சுற்றிப் பார்த்து மாட்டித் தருகிறவர்களும் உண்டு. அப்பா மிஷின் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் மழுப்பினார். புதுசு வாங்கினோம். அந்த டிரிப்பின் வாடகையில் மிச்சம் நிற்க வேண்டியது அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள் போனது. கூடவே புது ஹோஸ், ஏர் பில்டர், ஆயில் பில்டர், கேஸ்கட், ஒரு டின் ஆயில்.

பெட்டியைப் பிரித்து நட்டின் முனையைப் பிடித்து அப்பா ஆட்டிப் பார்த்தார். என்னையும் ஆட்டச் சொன்னார். பக்கவாட்டில் லேசாக ஆடியது. "புதுசே ஆடுதுங்களே!" என்று பதறினேன். "ஆயில் இல்லாம அப்படித்தான் ஆடும். முன்னும் பின்னும் இழுத்துப் பாரு." இழுத்தேன். அசைவே இல்லை. பழையதை இழுத்தபோது டக்கென்று வந்தது. அந்த டக்கு என் விரலில் இன்னும் இருக்கிறது.

வெங்காயத்தில் ஏழெட்டு மூட்டை போனது. மண்டிக்காரர் கழித்துக்கொண்டார். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்திருந்தும் 2013-இல் அதைச் செய்தேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை கூடி, காலில் புண் வந்து ஆறாமல், திண்ணைக் கட்டிலோடு இருந்தார். வண்டி கணக்கு என் கைக்கு வந்தது. அது டர்போ வண்டிகளில் இரண்டாவது, டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வைத்தது. அந்த வருஷம் ஜனவரியிலிருந்து டீசல் மாதாமாதம் 50 காசு போல ஏறத் தொடங்கியது. வாடகை ஏறவில்லை. நான் நோட்டுப் போட்டு லிட்டர் கணக்குப் பார்த்தேன். டயர், பேட்டா, டோல், தவணை எதிலும் கை வைக்க முடியாது. டீசலில்தான் பிடிக்க முடியும் என்று தோன்றியது. டிரைவரைக் கூப்பிட்டு, வண்டி நின்றால் உடனே ஆஃப் பண்ண வேண்டும், டாபாவிலும் சரி, வீட்டு வாசலிலும் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் தயங்கினார். "பெரியவர் வேற மாதிரி சொல்லியிருக்காருங்களே." நான்தான் இப்போது பார்க்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பதிலை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

சில மாதம் போனது. ஒருநாள் அம்மா சொன்னாள், "வண்டி வந்ததே தெரியலியே சாமி. நான் கல்லு வைக்கறதுக்குள்ள டிரைவர் வாசல்ல வந்து நிக்கறாரு."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டேன், காதில் வாங்கவில்லை. கட்டிலில் அப்பா விழித்துத்தான் இருந்தார்.

அடுத்த ஐப்பசியில் டர்போ போனது. தொப்பூர்க் கணவாய் ஏறும்போது இழுக்கவில்லை, நீலப்புகை என்று டிரைவர் போன் செய்தார். லோடு நிற்கிறது, அடுத்த டிரிப் பேசியாயிற்று, தவணைத் தேதி நெருங்குகிறது. கடைக்கு ஓடினேன். எண்ணை ஒத்துப் பார்த்துச் சரியான டர்போதான் வாங்கினேன். நல்ல சாமான். அன்று மாலையே மாட்டி வண்டியை அனுப்பிவிட்டேன். பழையது பட்டறை மூலையில் போட்டது போட்டபடி கிடந்தது, திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் அந்தப் புது டர்போவும் போனது.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத்தான் கிளம்பினேன். போகிற வழியில் அப்பாவின் பழைய மெக்கானிக் பட்டறை. எழுபது வயது இருக்கும், கண் சரியாகத் தெரியாது. டர்போவைக் கையில் வாங்கியவர் கண்ணால் பார்க்காமல் விரலால் பார்த்தார். காற்றுச் சக்கரம் நன்றாக இருந்தது, அது தூசி வேலை இல்லை. இறகு எதுவும் முறியவில்லை, நட்டோ துணியோ உள்ளே போகவில்லை. தண்டைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் என்னைப் பார்க்கச் சொன்னார். புஷ் உட்கார்ந்த இடம் நீலம் பாரித்திருந்தது. அடுப்பில் வைத்து எடுத்த இரும்பின் நிறம்.

"நீலமா இருக்குதுங்க."

"அப்ப தாகத்துல செத்துருக்குது தம்பி. ஆயில் பைப்பை மாத்துனியா?"

மாற்றவில்லை. பெருவிரல் கனம்கூட இல்லாத ஒரு பைப். இன்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுபோவது. அதைக் கழற்றி அவர் வாயில் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது, மறுமுனையில் காற்று வரவில்லை. ஹேக்ஸா பிளேடால் நடுவில் அறுத்துக் காட்டினார். உள்ளே கரி. விறகடுப்புக்கு மேலே ஓட்டில் படிகிற புகைக்கரி போல அடைத்துக்கொண்டு, நடுவில் ஊசி நுழையும் அளவு வழி. சூட்டோடு அணைத்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பைப்பில் ஒரு படலம் வெந்து ஒட்டியிருக்கிறது. முதல் டர்போ அதனால் போனது. புது டர்போவை அதே பைப்பில் மாட்டி நானே பட்டினி போட்டிருக்கிறேன். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார். முதல் டர்போ கக்கிய ஆயில் கால் லிட்டர் கொட்டியது. அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

கடைக்காரர்மேல் தப்பில்லை. சாமான் செய்தவர்மேலும் தப்பில்லை. பட்டறைத் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நின்ற இடத்தில் ஓடும் அந்த அளவு இன்ஜின் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். மூன்று நிமிடத்துக்கு நூறு மில்லிக்குள். நான் மிச்சம் பிடித்தது ஒரு டம்ளர் டீசலைவிடக் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "ஆயில் பைப்பைப் பாத்தியா?"

"இப்பத்தானுங்க பார்த்தேன்."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். கல் வைப்பதைப் பற்றி அம்மா சொன்ன அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையின் கணக்கில் குறுக்கே வரக்கூடாது என்று இருந்துவிட்டாரா, உடம்பு முடியாமல் விட்டுவிட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது, சேலம் ரோட்டுக் கடையில், கடைக்காரர் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். அப்பா காலத்து டர்போவைவிடச் சிக்கலான சாமான்கள் வந்துவிட்டன. 2017-இல் பி.எஸ். 4, 2020-இல் பி.எஸ். 6 என்று புகைச் சட்டம் இறுகியபிறகு சில வண்டிகளின் டர்போவில் மின் ஆக்சுவேட்டர் இருக்கிறது. மாட்டிய பிறகு லேப்டாப்பைச் செருகி இன்ஜினுக்குப் பழக்கிவிட வேண்டும். ஆனால் தண்டு இன்றைக்கும் ஆயிலில்தான் மிதக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டரால் மாற்று வரவில்லை.

நட்டின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன், முன்னும் பின்னும் இழுத்தேன். கூட நின்ற என் தம்பி மகனையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பழையதையும் இழுக்கச் சொன்னேன். டக்கென்றது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இந்தத் தடவை காரணத்தை முதலிலேயே தேடிப் பிடித்திருந்தேன். டர்போவிலிருந்து ஆயில் கீழிறங்கும் பைப் நசுங்கியிருந்தது. எப்போதோ கியர் பாக்ஸ் இறக்கியபோது தடி பட்டிருக்க வேண்டும். போன ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டிப் புகைப் பக்கம் கசிந்திருக்கிறது. இரண்டு பைப்பும் புதுசு, கேஸ்கட் புதுசு, ஆயிலும் பில்டரும் புதுசு என்று சீட்டில் எழுதச் சொன்னேன். ஆயில் வாயில் சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம் என்று பிட்டரிடம் இரண்டு தடவை சொன்னேன். பிதுங்கி உள்ளே போகிற ஒரு துணுக்கு போதும், பைப்பை அடைக்க.

மாட்டும்போது பக்கத்திலேயே இருந்தேன். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிக் காற்றடித்துக் காயவைத்தார்கள். ஆயில் வாயில் ஆயில்கேனால் ஊற்றிவிட்டு, சக்கரத்தை விரலால் சுற்றினேன். கனமாக, வழுக்கிக்கொண்டு சுற்றியது. டீசல் போகாமல் நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரை மட்டும் சில தடவை சுற்றச் சொன்னேன். கீழ்ப் பைப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான் பையன். "பெரியப்பா, வந்துருச்சுங்க" என்றான். தேன் நிறத்தில் ஆயில் கோடாக இறங்கியது. அப்புறம்தான் பைப்பை மாட்டி, இன்ஜினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் விட்டோம்.

சாயங்காலம் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மேட்டில் மிதித்தபோது அந்த விசில் மெல்ல எழுந்து, நேராக, பிசிறில்லாமல் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டேன்.

வேப்பமரத்தடியில் நிறுத்தும்போது இருட்டிவிட்டது. அம்மாவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. கேஸ் அடுப்புதான், மருமகள்கள் இருக்கிறார்கள், ஆனாலும் லாரிக்காரனுக்குத் தோசை அவள்தான் சுட வேண்டும். திண்ணையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போவது தெரிந்தது. இன்ஜின் அடங்கிய உறுமலில் ஓடிக்கொண்டிருந்தது. பையன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஏன் அணைக்கவில்லை என்பது போல என்னைப் பார்த்தான். சாவியின் மேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. சாவியைத் திருப்பினேன்.